கூபர் பீடி மண்கும்பியில் ஓப்பல் பொறுக்கியதும், அதை யாழ்ப்பாணத்தில் வைத்திருப்பதும்

திருப்பத் திருப்ப நிறம் ஆடும் ஓப்பல் என்ற நகைக்கல் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா என்று கேட்டுக் கையில் ஒரு கல்லோடு வருபவர்கள் இருக்கிறார்கள். காரைநகர்க் கடற்கரையில் பொறுக்கியது, கிணறு வெட்டும்போது வந்தது, கல்லுடைக்கிற இடத்தில் எடுத்தது என்று ஆளுக்கொரு கதை. நான் பார்த்தவரை அது பெரும்பாலும் கல்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமாக இருக்கும்; இல்லாவிட்டால் அலையில் உரசி மழுங்கிப்போன போத்தல் கண்ணாடி, அதுவும் இல்லாவிட்டால் சிப்பியின் உட்பக்கத் துண்டு. வீட்டில் தேசிக்காய் இருந்தால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். கல்லின் ஒரு ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, விழுந்த தூளில் ஒரு துளி தேசிப்புளி விடுங்கள். சின்னச் சின்னக் குமிழி வந்தால் அது கல்சைட் அல்லது சிப்பி. ஓப்பல் தேசிக்காய்க்கு அசையாது. சாதாரணக் கத்திக்கும் இலேசில் இடம் கொடுக்காது. குமிழி வராமல், உள்ளே உருண்டைக் காற்றுப் புள்ளிகள் தெரிந்தால் அது போத்தல்.

காரணம் எங்கள் காலடியில் இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் என்ற, பல மில்லியன் ஆண்டு பழைய காலத்துச் சுண்ணாம்புக்கல். கீரிமலைக் கேணிக்குத் தண்ணீர் வருவதும், நிலாவரைக் கிணறு அவ்வளவு ஆழம் போவதும், காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததும் இந்தக் கல்லால்தான். சுண்ணாம்புக்கல் என்றால் கல்சியம் காபனேற்று. ஓப்பல் என்பதோ சிலிக்காவும் (மணலில் உள்ள அதே பொருள்) தண்ணீரும். நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா, பாறையின் வெடிப்பிலும் பொந்திலும் மிக ஆறுதலாகப் படிந்து இறுகினால்தான் அது உண்டாகும். நகைக்கு ஆகிற ஓப்பலை இங்கே தேடி வளவைக் கிண்டுவது வீண்வேலை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓப்பலே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. செடிகள் வேரால் உறிஞ்சும் சிலிக்காவைத் தங்கள் கலங்களுக்குள் நுண்ணிய மணிகளாகப் படியவைக்கின்றன. அது ஓப்பல் வகைச் சிலிக்காதான். பனை, தென்னை இனங்களில் அந்த மணிகள் உருண்டையாக, மேலெல்லாம் முள்ளோடு இருக்கும். நெல் உமியில் அது இன்னும் தாராளம். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். அந்தக்காலத்தில் உமிக்கரியால் பல் விளக்கியவர்கள் எல்லாரும் ஓப்பலால் விளக்கியவர்களே. மோதிரத்தில் பதிக்க முடியாது, அவ்வளவுதான் குறை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அவுஸ்திரேலியாவில். மாமா குடும்பம் அடிலெய்டில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது மச்சான் காரை எடுத்து, மாமியையும் ஏற்றிக்கொண்டு, ஓப்பல் தோண்டும் ஊரான கூபர் பீடிக்கு எங்களைக் கொண்டுபோனான். அடிலெய்டிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 850 கிலோமீட்டர். போர்ட் ஒகஸ்டாவைத் தாண்டினால் பிறகு பெரிய ஊர் எதுவும் இல்லை. எரிபொருளையும் தண்ணீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். பொழுதுபட்ட பிறகு ஓடவே கூடாது, கங்காரு குறுக்கே பாயும். போகிற மாதமும் முக்கியம். அங்கே கோடை எங்கள் மார்கழி, தை மாதங்களில் வரும். வெயில் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். மே முதல் ஓகஸ்ட் வரை போனால் பகலில் நிம்மதியாக நிலத்தில் குந்தியிருக்கலாம். இரவில் குளிரும். இலையான் தொல்லைக்கு முகவலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம், எல்லாரும் போட்டுக்கொண்டுதான் திரிகிறார்கள்.

1915 ஆம் ஆண்டு பெப்ரவரியில், தங்கம் தேடிப் போன கூட்டத்தோடு சென்ற வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பொடியன்தான் அங்கே முதலில் ஓப்பலைக் கண்டான். இன்று அந்த ஊரைச் சுற்றி நிலமெல்லாம் குழி. துளைபொறியால் இறக்கிய குழிகள், ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம், கிணற்று ஆழம், கட்டு இல்லை, மூடியும் இல்லை. ஓடாதே, பின்னோக்கி நடக்காதே என்று படம் போட்ட பலகைகள் வழியெல்லாம் நிற்கின்றன. அது பயணிகளை மிரட்ட வைத்த வேடிக்கைப் பலகை இல்லை. படம் எடுக்கிறவர்கள் ‘இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ’ என்று சொல்லும் பழக்கத்தை அங்கே மறந்துவிட வேண்டும். பிள்ளைகளைக் கையில் பிடித்தே வைத்திருக்க வேண்டும்.

சுரங்கத்திலிருந்து வரும் மண்ணைப் பெரிய உறிஞ்சுபொறி இழுத்து வெளியே கொட்டும். அது கூம்பு கூம்பாகக் குவிந்து கிடக்கும். அந்தக் கும்பிகளில், தோண்டியவர் கண்ணுக்குத் தப்பிய ஓப்பலைப் பொறுக்குவதற்கு அங்கே ‘நூட்லிங்’ என்று பெயர். எங்கேயும் போய்ப் பொறுக்கலாம் என்றில்லை. ஒருவர் உரிமை எடுத்த நிலத்தின் மூலைகளில் முளை அடித்திருக்கும். அதற்குள் அவருடைய அனுமதி இல்லாமல் போவது சட்டப்படி குற்றம், போதாததற்குக் குழிகளும் அங்கேதான் அதிகம். பொதுமக்கள் பொறுக்கவென்றே ஊருக்குள் ஒரு இடம் ஒதுக்கி விட்டிருக்கிறார்கள். ‘எல்லாரும் கிண்டிய இடத்தில் என்ன மிஞ்சியிருக்கும்’ என்று மச்சான் முகத்தைச் சுழித்தான். காற்றும் மழையும் கும்பியைக் கரைத்துப் புதுக் கற்களை மேலே கொண்டுவந்துகொண்டே இருக்கும் என்று அங்கே நின்ற ஒரு கிழவர் சொன்னார். மழை பெய்து ஓய்ந்த அடுத்த நாள் அவர் வெள்ளனவே வந்துவிடுவாராம்.

கொண்டுபோக வேண்டிய சாமான் கொஞ்சம்தான். தோட்டத்தில் களை கொத்தும் சின்ன முள், ஒரு அரிதட்டு, தண்ணீர் நிரப்பிய தெளிப்பான் போத்தல், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, பழைய மாத்திரைப் போத்தல். முழங்காலுக்குக் கீழே போட ஒரு துண்டுப் பாய் இருந்தால் புண்ணியம். பெரிய மண்வெட்டி எதற்கும் உதவாது.

மச்சான் கும்பிக்குக் கும்பி தாவினான். மாமி ஒரு இடத்தில் குந்தினாள், எழும்பவே இல்லை. ஊரில் சுளகில் அரிசி போட்டுக் கல்லும் நெல்லும் பொறுக்கிய கை அது. முன்னால் ஒரு முழம் அகல நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, விரலால் மண்ணைத் தட்டித் தட்டி, ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்குக் கண்ணை ஓட்டினாள். அன்றைக்கு முதல் கல் அவளுக்குத்தான் வந்தது. ‘தம்பி, இஞ்சை வா. இது என்னெண்டு வடிவாப் பார்’ என்று நீட்டினாள். நகத்தளவுத் துண்டு, பால் கலந்த சாம்பல் நிறம், உடைந்த ஓரம் சோடாப் போத்தல் உடைந்ததுபோல் வழுவழுப்பு. நிறம் எதுவும் இல்லை. அதைத்தான் அங்கே ‘பொட்ச்’ என்கிறார்கள்: ஓப்பல்தான், ஆனால் வண்ணம் ஆடாத ஓப்பல்.

பொட்ச் கிடைத்தால் பலர் எறிந்துவிடுகிறார்கள். எறியக் கூடாது. பொட்ச் கிடக்கிற கும்பி என்றால் அந்த மண் ஓப்பல் மட்டத்திலிருந்து வந்தது என்று அர்த்தம். பொட்சே இல்லாத கும்பியில் அரைநாள் இருந்தாலும் கை வெறுமைதான். பொட்ச் துண்டுகளின் ஓரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறம் பெரும்பாலும் நடுவில் ஒரு மெல்லிய கோடாக ஓடும், மேலும் கீழும் பொட்ச் மூடியிருக்கும். மேற்பரப்பை மட்டும் பார்த்தால் அது சாதாரண வெள்ளைக் கல். தண்ணீர் தெளித்து, வெயில் சாய்வாக விழும் காலையிலோ பின்னேரத்திலோ ஓரத்தை மெல்லத் திருப்ப வேண்டும். நான் அப்படிப் பார்த்த ஒரு துண்டில், நூல் தடிப்பில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. கல்லைச் சற்றுச் சரித்ததும் பச்சை அணைந்து அதே கோட்டில் நீலம் ஓடியது, இன்னும் சரித்தால் ஒன்றுமில்லை. திரும்பவும் பழைய சரிவுக்குக் கொண்டுவந்தால் பச்சை அதே இடத்தில் நின்றது.

அந்த அசைவுதான் அடையாளம், மினுக்கம் இல்லை. கூபர் பீடி மண்ணில் மினுங்குவது எல்லாம் ஜிப்சம். கண்ணாடித் தகடுபோல் பளீரென்று வெயிலைத் திருப்பியடிக்கும், புதிதாகப் போகிறவர் ஒரு மணித்தியாலம் அதன் பின்னாலேயே திரிவார். நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் ஜிப்சம். ஓப்பலின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில், 5.5 முதல் 6.5 வரை, ஜிப்சம் 2.

நிறம் ஏன் ஆடுகிறது என்பது 1960களில்தான் துலங்கியது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்த அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், உள்ளே சிலிக்கா குண்டுமணிகள் ஒரே அளவில் வரிசைவரிசையாக அடுக்கியிருப்பதைக் கண்டார்கள். ஒரு மணியின் விட்டம் ஏறத்தாழ 150 முதல் 350 நானோமீற்றர். அந்த அடுக்கில் பட்டு வெளிச்சம் பிரிகிறது. மணி சிறிதென்றால் நீலம் மட்டும் வரும். பெரிதென்றால் சிவப்பும் வரும். பெரிய மணிகள் ஒழுங்காக அடுக்காய் அமைவது அரிது, சிவப்பு ஓடும் கல்லுக்கு விலை ஏறுவது அதனால். பொட்சிலும் மணிகள் உண்டு, ஆனால் அளவும் ஒழுங்கும் குழம்பிக் கிடக்கும். சாயம் எதுவும் இல்லாத கல்லில் நிறம் வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால், ஏன் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இரவில் புறஊதா விளக்கோடு பொறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தொழிலாகச் செய்பவர்களிடம் அதற்கென்றே பொறி இருக்கிறது: இருட்டறைக்குள் ஓடும் பட்டியில் மண் போகும், புறஊதா ஒளியில் ஒளிரும் துண்டுகளை உள்ளே இருப்பவர் பொறுக்குவார். நாங்கள் அந்தக் குழிகளுக்கு நடுவே இருட்டில் திரிவது விசர்வேலை. பகலில் சேர்த்ததை அறைக்குக் கொண்டுவந்து, விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டோர்ச் அடித்துப் பார்த்தால் போதும். ஒளிர்கிறதை மறுநாள் வெயிலில் இன்னொருமுறை பாருங்கள். பொட்சும் ஒளிரும், ஆகவே ஒளிர்ந்தவுடன் கனவு காணத் தேவையில்லை.

ஒரு விஷயம் சட்டம் சம்பந்தப்பட்டது. அந்தப் பகுதி டைனோசர்க் காலத்தில் கடலாக இருந்தது. சிப்பி, கடல்வாழ் உயிர்களின் எலும்பு, பல் எல்லாம் சில இடங்களில் ஓப்பலாகவே மாறிக் கிடக்கின்றன. அப்படி ஒன்று கையில் வந்தால் அது வெறும் கல் இல்லை. முக்கியமான புதைபடிவங்களை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதை அவுஸ்திரேலியாவின் 1986 ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுக்கிறது. உருவம் சந்தேகமாக இருந்தால் அங்கேயே நூதனசாலையில் காட்டிவிடுவது நல்லது. இங்கேயும் கல் விஷயம் சும்மா இல்லை. இரத்தினக்கல் அகழ்வதற்கு 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பொழுதுபோக்குக்கு என்றாலும் இரத்தினபுரிப் பக்கம் போய் மண்வெட்டியை இறக்க முடியாது.

ஊருக்கு வந்த பிறகுதான் இன்னொரு வேலை தொடங்கியது. நான் ஓப்பல் பொறுக்கியது தெரிந்ததும் உறவுக்காரர் மோதிரத்தைக் கழற்றிக் கையில் தந்து ‘இது ஒறிஜினலோ’ என்று கேட்கத் தொடங்கினார்கள். ஓப்பல் எங்கள் நவரத்தினத்தில் இல்லாத கல். ஆனால் சுக்கிரனுக்கு வைரம் போட வசதி இல்லாதவருக்கு ஓப்பல் போடலாம் என்று சாத்திரியார்கள் சொல்கிறார்கள், சனம் வாங்குகிறது. சுக்கிரனைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. கல்லைப் பற்றி உண்டு. வருகிற மோதிரங்களில் அடிக்கடி அகப்படுவது ‘ஓப்பலைட்’ என்ற பால்நிறக் கண்ணாடி. கறுப்புத் துணியில் வைத்தால் நீலம் காட்டும், வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் செம்மஞ்சள் ஆகும். அவ்வளவுதான் அதன் வித்தை. எப்படித் திருப்பினாலும் பச்சைக் கீற்றும் சிவப்புக் கீற்றும் அதில் ஓடாது.

ஒட்டுக்கல்லைக் கண்டுபிடிக்கப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மெல்லிய ஓப்பல் தகட்டின் அடியில் கறுப்புக் கல் ஒட்டினால் டப்ளட். மேலே கண்ணாடியோ பளிங்கோ மூடினால் ட்ரிப்ளட். பக்கத்தில் கோடு ஊசியால் இழுத்ததுபோல் நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள். இயற்கைக் கல்லில் நிறக்கோடு வளைந்து நெளிந்து, தடித்து மெலிந்து போகும். ஓரத்தை மோதிரத்தின் தங்கம் முழுவதும் மூடியிருந்தால் எதையும் தீர்மானமாகச் சொல்லாதீர்கள், உறவு கெட்டுவிடும். ஆய்வுகூடத்தில் வளர்த்த ஓப்பலும் இருக்கிறது. கைவில்லையில் பார்த்தால் நிறத்திட்டுகள் பாம்புச் செதில்போல் ஒழுங்காக இருக்கும். ஒட்டுக்கல் பொய்க்கல் இல்லை. ஒட்டு என்று சொல்லி, ஒட்டுக்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான சாமான்.

எங்கள் வீட்டுப் பழக்கங்களுக்கு மிகவும் கவனம் தேவைப்படுவது எத்தியோப்பியக் கல். 2008 இல் வெல்லோ பகுதியில் கண்டெடுக்கப்பட்ட பிறகு அது சந்தையில் மலிந்துவிட்டது. பார்க்க வெகு வடிவு, நிறம் கொட்டும். ஆனால் அதில் கனக்க தண்ணீரை உறிஞ்சும் வகை. நனைந்தால் கண்ணாடிபோல் ஆகி நிறம் மறையும், காய்ந்தால் திரும்பி வரும். தண்ணீர் திரும்பிப் போகும், சாயமும் எண்ணெயும் போகாது. அப்படியொரு மோதிரத்தோடு மஞ்சள் அரைத்த கையை நினைத்துப் பாருங்கள். நல்லெண்ணெய் வைத்து முழுகுவது, சந்தனம் குழைப்பது, வாசனைத் தைலம் பூசுவது, எல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் செய்ய வேண்டியவை. அவுஸ்திரேலியக் கல் பொதுவாக இப்படி உறிஞ்சாது, ஆனால் ஒட்டுக்கல்லை எந்த நாட்டுக் கல்லானாலும் ஊறப்போடக் கூடாது. பசைக்குள் தண்ணீர் ஏறினால் கல் மங்கும்.

நகை வேலைக்குக் கன்னாதிட்டியில் கொடுக்கும்போது ‘இது ஓப்பல்’ என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். வேலை செய்பவரின் கை மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் பழகியது. அந்தக் கற்கள் தாங்கும் சூட்டை இது தாங்காது. உள்ளே தண்ணீர் இருக்கிறது, திடீர்ச் சூட்டில் வெடிக்கும். ஊது நெருப்பு வேலை, அமில வேலை, மெருகு எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் கல்லைப் பதிக்க வேண்டும். அதிர்வலையில் கழுவும் பொறிக்குள்ளும் போடக் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு துளி சவர்க்காரம், மெல்லிய துணி போதும்.

சேர்த்து வைப்பது பற்றி ஆளுக்கொரு அறிவுரை உலாவுகிறது. எண்ணெயில் போடு என்பார்கள், போடாதீர்கள். தண்ணீர்ப் போத்தலில் வை என்பதும் அவுஸ்திரேலியக் கல்லுக்குத் தேவையில்லை. அதற்கு வேண்டியது ஒரே சீரான சூடும் ஈரமும். எங்கள் ஊர் ஈரக்காற்று அதற்குக் கெடுதல் செய்யாது. கெடுப்பது சோளகக் காலத்து யன்னல் ஓரம், வெயிலில் நிற்கும் வாகனத்தின் உட்புறம், கமராப் பெட்டிக்குள் போடும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம். பஞ்சு சுற்றி, சின்னச் சின்ன டப்பாவில், அலுமாரியின் உள்தட்டில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதிய துண்டு உண்டு. இடம் எழுதாத கல் கொஞ்ச நாளில் வெறும் கல்லாகிவிடும்.

பட்டை தீட்ட ஆசைப்படுபவர்கள் பொட்சில் தொடங்குங்கள். கார்களுக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாள் எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். 400 ஆம் இலக்கத் தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று நைசான தாளுக்கு ஏறினால் கையாலேயே மெருகு வரும். முடிவில் கண்ணாடிக்கு மினுக்கம் ஏற்றும் சீரியம் ஒக்சைட் தூளை ஈரத் தோலில் தொட்டுத் தேய்க்கலாம். எந்தக் கட்டத்திலும் உலர் தேய்ப்பு வேண்டாம். சிலிக்காத் தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது, அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் குணமாகும் நோய் இல்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேயுங்கள், சேறு காயமுன் துடைத்து எடுங்கள், முகக்கவசம் போடுங்கள். நிறக்கோடு உள்ள துண்டு என்றால் ஒவ்வொரு இரண்டு மூன்று இழுப்புக்கும் நிறுத்தி, நனைத்துப் பாருங்கள். கோடு நூல் தடிப்புத்தான், தேய்ந்து போனால் கீழே பொட்ச்.

அவுஸ்திரேலியாவில் சொந்தம் இருப்பவர்கள், அடுத்தமுறை வருகிறவர்களிடம் சொக்கிலேற்றோடு ஒரு சின்னப் பை பொட்சும் கேளுங்கள். கற்கடைகளில் அதை மலிவாகத் தருவார்கள், வாங்கிய பற்றுச்சீட்டையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.